எதிரி கட்டிய கோட்டை



"கையில துட்டு இருக்கா?"ன்னு தினமும் கேட்கிறோம். இந்தத் துட்டு டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. டச்சுக்காரர்களின் சின்னச் செப்புக்காசின் பெயர் அது. அவர்கள் நம்ம சேலம், நாமக்கல் பக்கம் ஆட்சி செய்யவில்லை. பழவேற்காடு, நாகப்பட்டினம் மாதிரி கடற்கரை ஊர்களில்தான் இருந்தார்கள். ஆனால் டச்சுக் கம்பெனிக்கு வேலை பார்க்க வந்த ஒருவரின் வாழ்க்கை, நம் மாவட்ட வரலாறு வரைக்கும் வந்து தொடுகிறது. அவரைப் பற்றிப் படித்ததைச் சொல்கிறேன்.

அவர் பெயர் டி லனாய். 1715-இல் ஆராஸ் என்ற ஊரில் பிறந்தார். அது இப்போது பிரான்சில் இருக்கிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து கப்பலேறி வந்தார். மிளகு வியாபாரத்தில் கம்பெனிக்கும் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவுக்கும் சண்டை மூண்டது. 1741 ஆகஸ்டில் குளச்சலில் கம்பெனிப் படை தோற்றது. டி லனாய் கைதியானார். அப்போது வயது 25தான்!

கைத்தொழில் காப்பாற்றியது

அந்தக் காலத்துக் கம்பெனிக் கப்பல்களில் சிப்பாய்கள் மட்டுமல்ல, தச்சர், கொல்லர் எல்லாரும் வருவார்கள். தொழில் தெரிந்த ஆளுக்கு எங்கே போனாலும் மதிப்பு உண்டு. டி லனாய்க்குப் பீரங்கியும் தெரியும், கோட்டை கட்டவும் தெரியும். அதனால் மன்னர் அவரைத் தன் படைக்குப் பயிற்சி தரச் சொன்னார். தக்கலைக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டையைப் பலமாகக் கட்டினார். அங்கேயே பீரங்கி வார்க்கும் பட்டறையும் நடந்தது. ஜனங்கள் அவரை 'வலிய கப்பித்தான்' என்றார்கள். பெரிய தளபதி என்று அர்த்தம்.

கிடைத்ததும் இழந்ததும்

பதவி கிடைத்ததே தவிர, நிம்மதி கிடைத்ததா? பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை. ஆனால் கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு உள்ளே அனுமதி இல்லையாம். இன்றைக்கு அதே அரண்மனையில், அவர் மன்னரிடம் சரணடையும் ஓவியம் இருக்கிறது!

அவருடைய நண்பர் நீலகண்ட பிள்ளை 1745-இல் கிறிஸ்தவராகித் தேவசகாயம் ஆனார். அவரைச் சிறையில் அடைத்து, 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். (2022-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது.) எந்த அரசுக்காக டி லனாய் உழைத்தாரோ, அந்த அரசின் வீரர்கள்தான் சுட்டார்கள். பெரிய கப்பித்தானாக இருந்தும் நண்பரைக் காப்பாற்ற முடியவில்லை. 1765-இல் களக்காட்டுச் சண்டையில் மகன் ஜோகன்னசும் இறந்துபோனார்.

நமக்கு என்ன சம்பந்தம்?

அடுத்த மன்னர் காலத்தில், டி லனாய் போட்ட திட்டப்படி வடக்கு எல்லையில் 'நெடுங்கோட்டை' எழும்பியது. கடலில் தொடங்கி ஆனைமலை வரைக்கும், ஏறக்குறைய 30 மைல் நீளம். பெரும்பாலும் மண் சுவர்தான். முன்னால் அகழி, முள் மூங்கில் புதர். 1789 டிசம்பரில் திப்பு சுல்தான் அதைத் தாக்கினார். முதலில் முடியவில்லை. 1790-இல்தான் உடைத்தார். ஆங்கிலேயர்கள் திருவிதாங்கூர் பக்கம் நின்று போரில் இறங்கினார்கள். திப்பு தோற்று 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை செய்தார். அதில்தான் நம் சேலம் சீமை திப்புவின் கையைவிட்டு ஆங்கிலேயர் கைக்குப் போனது. அப்போது நாமக்கல்லும் சேலத்தோடுதான் இருந்தது. தனி மாவட்டமானது 1997-இல்தானே!

டி லனாய் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1777-இலேயே இறந்துவிட்டார். உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அவரை அடக்கம் செய்தார்கள். கல்லறைக் கல்லில் லத்தீனும் இருக்கிறது, நம் தமிழும் இருக்கிறது. பக்கத்தில் மனைவியும் மகனும்.

பிடிபட்ட அன்றிலிருந்து 36 வருஷம் இங்கேயே வாழ்ந்தார். அவருடைய தொழிலை நம்பி நாட்டின் எல்லையையே ஒப்படைத்தார்கள். ஆனால் அரண்மனை வாசல் மட்டும் திறக்கவில்லை. நம் வகுப்புக்கு வெளியூரிலிருந்து யாராவது புதிதாக வந்தால், "நல்லா படிப்பியா? நல்லா விளையாடுவியா?"ன்னு கேட்பதோடு நிறுத்தாமல், பக்கத்தில் உட்கார இடமும் கொடுப்போம்.

கன்னியாகுமரி சுற்றுலா போனால், தக்கலையில் கொஞ்சம் இறங்கிப் பாருங்கள்.

— 9-ஆம் வகுப்பு மாணவன்