நான்கு லட்சம் பேரை வீட்டுக்கு அனுப்பிய கையெழுத்து

ஈராக் போர் என்றதும், இல்லாத பேரழிவு ஆயுதங்களைக் காட்டிப் படையெடுத்தார்கள் என்பதோடு பேச்சை முடித்துவிடுகிறோம். அந்தப் புரட்டு சிறியதல்ல. 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கொலின் பவல் விவரித்த நடமாடும் கிருமி ஆயுதக்கூடங்கள், ஜெர்மனியில் தஞ்சமடைந்த ஓர் ஈராக்கியர் கட்டிய கதை. 2011-ல் அவரே அதை ஒப்புக்கொண்டார். ஆனால் பாக்தாத் மூன்றே வாரங்களில் வீழ்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் நாடு ஆண்டுக்கணக்கில் எரிந்ததற்கு உளவுத்துறை மேல் பழி போட்டுத் தப்ப முடியாது. அது அரசியல் முடிவுகளின் வினை.

2003 மே 12 அன்று, ஈராக்கை ஆள அமெரிக்கா அனுப்பிய நிர்வாகியாக வந்திறங்கினார் பால் பிரெமர். மே 16-ல் முதல் ஆணை: சதாம் உசேனின் பாத் கட்சியின் மேல்மட்ட உறுப்பினர்களுக்கு அரசுப் பணியில் இடமில்லை. பதவி உயர்வுக்காகக் கட்சியில் சேர்ந்த ஆசிரியர்களும் மருத்துவர்களும் இதில் அடிபட்டார்கள். மே 23-ல் இரண்டாம் ஆணை ராணுவத்தையே கலைத்தது. ஏறத்தாழ நான்கு லட்சம் பேருக்கு வேலை போயிற்று. ஆயுதப் பயிற்சி மட்டும் கையில் இருந்தது. பலரிடம் ஆயுதமும் இருந்தது. ஜூன் 18 அன்று சம்பளம் கேட்டுத் திரண்ட முன்னாள் சிப்பாய்கள்மீது அமெரிக்கப் படை சுட்டதில் இருவர் இறந்தனர். உதவித்தொகை அறிவிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

ராணுவம் தானாகவே கரைந்துவிட்டது, ஆணை வெறும் சடங்கு என்பது பிரெமரின் வாதம். சிப்பாய்கள் வீடு திரும்பியிருந்தது உண்மைதான். ஆனால் வீட்டுக்குப் போனவரைத் திரும்பக் கூப்பிடலாம். அமெரிக்கத் தளபதிகள் சிலர் அதற்கான பேச்சையும் தொடங்கியிருந்தார்கள். ராணுவத்தை வைத்துக்கொள்வதென்று போருக்கு முன்பே, மார்ச் மாதத்தில், அதிபர் புஷ் ஒப்புதல் தந்திருந்தார். அதைத் தலைகீழாக்கிய ஆணை பவலுக்கே முன்கூட்டித் தெரியாது. ஈராக்கை அடக்கியாளப் பல லட்சம் வீரர்கள் வேண்டும் என்று அமெரிக்கத் தரைப்படைத் தலைவர் எரிக் ஷின்செகி பிப்ரவரியிலேயே சொன்னதையும் பாதுகாப்புத் துறை புறந்தள்ளியிருந்தது. வந்த படை போதாது, இருந்த படையும் கலைப்பு. அப்புறம் காவலுக்கு யார்?

சதாம் கொடுங்கோலன், அவர் போனது நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. கொடுங்கோலன்தான், 1988-ல் ஹலப்ஜாவில் நச்சு வாயுவால் சுமார் ஐயாயிரம் குர்து மக்கள் மாண்டார்கள். (அப்போது அமெரிக்காவின் சாய்வு சதாம் பக்கம்தான் இருந்தது.) கொடுங்கோலனை அகற்றுவதற்கும், அவனிடம் சம்பளம் வாங்கிய ஒவ்வொரு சிப்பாயையும் தெருவில் நிறுத்துவதற்கும் என்ன சம்பந்தம்? 2014-ல் மொசூலைப் பிடித்த ஐ.எஸ். அமைப்பின் தளபதிகளில் பலர் சதாமின் பழைய அதிகாரிகள்.

2004 டிசம்பர் 14 அன்று பிரெமருக்கும், ஆயுதம் இருக்கிறதென்று உறுதி சொன்ன சி.ஐ.ஏ. தலைவர் ஜார்ஜ் டெனெட்டுக்கும் அமெரிக்காவின் மிக உயரிய குடிமக்கள் விருதை ஒரே மேடையில் அணிவித்தார் புஷ்.