மைலைப் பார்த்தோம், மணித்தியாலத்தைப் பார்க்கவில்லை

பாவித்த வாகனத்தை வாங்கி விற்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கதவைத் திறந்ததும் முதலில் குனிந்து மீட்டரைத்தான் பார்ப்போம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடையொன்றில் பதினொரு வருடங்கள் நின்ற எனக்கும் அந்தப் பழக்கம் ஊறிப்போயிருந்தது. 2012இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக்குப் போய், மச்சானின் சிறிய கராஜில் பங்காளியாகச் சேர்ந்த பிறகும் அதே கண்ணோடுதான் வாகனம் பார்த்தேன். 2015இல் அந்தக் கண் என்னைக் கைவிட்டது. அதனால் நான் படித்த பாடத்தைத்தான் இம்முறை எழுதுகிறேன். ஜெனரேட்டர், தண்ணீர்ப் பம்பி, தையல் இயந்திரம் என்று பாவித்த எதையும் வாங்கி விற்பவர்களுக்கு இது பயன்படலாம்.

அமெரிக்காவில் சேவையிலிருந்து ஒதுக்கப்பட்ட அம்பியூலன்ஸ் வண்டிகளை வாங்கி, உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என்பவற்றைப் பொருத்தி, மலைப்பாதைக்கும் காட்டுப்பாதைக்கும் போகக்கூடிய வீட்டு வண்டியாக மாற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். 'கேம்பர்' என்பார்கள். புதிதாக வாங்குவதென்றால் இலட்சம் டொலரைத் தாண்டிய வண்டிகளும் உண்டு. எனவே மலிவான கேம்பருக்கு எப்போதும் ஆள் இருக்கும்.

ஏன் அம்பியூலன்ஸ்?

நகர சபைகளும் தீயணைப்புப் படைகளும் தமது அம்பியூலன்ஸ்களை முற்றாகப் பழுதாகும் வரை வைத்திருப்பதில்லை. நோயாளியை ஏற்றிக்கொண்டு நடுவழியில் நின்றுவிடக்கூடாது அல்லவா? அதனால் ஓடக்கூடிய நிலையிலேயே ஒதுக்கிவிடுகின்றன. அவை ஏலத்துக்கு வருகின்றன. 'உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்' என்பதே ஏல நிபந்தனை. வாங்கிய பிறகு குறை சொல்ல முடியாது.

இவ்வண்டிகளில் பிரதானமாக மூன்று வகை உண்டு. பிக்அப் லொறியின் சேசியில் தனிப் பெட்டியை ஏற்றியது முதலாம் வகை. சாதாரண வான் இரண்டாம் வகை. வானின் முன்பகுதியை வைத்துக்கொண்டு பின்னால் பெட்டி ஏற்றியது மூன்றாம் வகை. ஏலத்தில் மூன்றாம் வகையே அதிகம் கண்ணில் படும். ஆனால் அவ்வகையில் பெரும்பாலானவை ஏற்றப்பட்டிருக்கும் ஃபோர்ட் ஈ-350, ஈ-450 சேசிகள் தொழிற்சாலையிலிருந்து ஃபோர் வீலாக வந்ததே இல்லை. வெளியே உள்ள நிறுவனங்கள்தான் முன் அச்சு, டிரான்ஸ்பர் கேஸ் எல்லாம் பொருத்திக் கொடுக்கின்றன. அந்த வேலைக்கு எங்களிடம் கேட்கப்பட்ட விலை 14,000 டொலர். முதலாம் வகையிலோ, பனி கொட்டும் ஊர்கள் வாங்கிய வண்டிகளில் தொழிற்சாலையிலேயே பொருத்திய ஃபோர் வீல் இருக்கும். ஏலத்தில் சில ஆயிரம் டொலர் கூடுதலாகக் கொடுத்தாலும் அதுதான் இலாபம். இந்தக் கணக்கை நாங்கள் சரியாகவே போட்டோம்.

பெட்டிதான் சரக்கு

அம்பியூலன்ஸ் வாங்குபவர் உண்மையில் வாங்குவது பின்னாலுள்ள பெட்டியையே. அலுமினியச் சட்டமும் அலுமினியத் தகடும் கொண்ட அந்தப் பெட்டி, வண்டி புரண்டாலும் உள்ளே இருப்பவர் நசுங்காதபடி கட்டப்படுகின்றது. துருப்பிடிக்காது. பெரிய பெட்டிகளில் உள்ளே ஆறடி உயரம் கிடைக்கும். வெளியிலிருந்து திறக்கும் சாமான் அறைகள், வெளி மின்சாரத்தைச் செருகும் இணைப்பு, 200 அம்பியருக்கு மேல் தரக்கூடிய ஓல்டனேட்டர், குளிரூட்டி எல்லாம் முன்னரே இருக்கும். வயர்களில் எது எதற்கு என்று அச்சிட்டிருக்கும். இவற்றைத் தனித்தனியாக வாங்கிப் பொருத்தப் போனால் ஏல விலையைப் போல இரு மடங்கு ஆகிவிடும்.

இந்தப் பெட்டியின் பெறுமதி அம்பியூலன்ஸ்காரர்களுக்கே நன்றாகத் தெரியும். பழைய சேசியைக் கழித்துவிட்டு அதே பெட்டியைப் புதிய சேசியில் ஏற்றி மேலும் பல வருடங்கள் ஓட்டுவது அங்கே வழக்கமான தொழில். ஒரே வண்டியில் ஆயுள் மிச்சமுள்ள பாகமும் இருக்கிறது, ஆயுள் தீர்ந்த பாகமும் இருக்கிறது. தீர்ந்த பாகம் எது என்று கேட்காமல் விட்டதுதான் நாங்கள் செய்த பிழை.

மீட்டர் சொல்லாத கணக்கு

2015 ஜனவரியில் முதலாம் வகை வண்டியொன்று ஏலத்துக்கு வந்தது. டீசல், ஃபோர் வீல், 98,000 மைல். அமெரிக்க டீசல் லொறிக்கு அது இளம் வயது. வண்டி நின்ற ஊர் 180 மைல் தூரம், வழியெல்லாம் பனி. நேரில் போகாமல் படங்களைப் பார்த்தே 8,500 டொலருக்கு எடுத்துவிட்டோம். அதில் 6,000 டொலர் மகளின் படிப்புக்கென்று என் மனைவி சேர்த்து வைத்திருந்த பணம்.

வண்டி கராஜுக்கு வந்த மூன்றாம் நாள், பின்பெட்டியின் மின்சார அலுமாரியைத் திறந்த மச்சான் என்னைக் கூப்பிட்டார். உள்ளே ஒரு சிறிய மீட்டர் இருந்தது. என்ஜின் ஓடிய மணித்தியாலங்களைக் காட்டும் மீட்டர் அது. 9,400 என்று காட்டியது.

அம்பியூலன்ஸ் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். ஆனால் நிற்கும்போதும் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். மருந்துகள் கெடாமலிருக்க உள்ளே குளிரும் சூடும் அளவாக இருக்க வேண்டும், கருவிகளுக்கு மின்சாரம் வேண்டும், அழைப்பு வந்த நொடியில் புறப்பட வேண்டும். மைல் மீட்டர் இதையெல்லாம் அறியாது.

நின்றபடி ஓடுவது டீசல் என்ஜினுக்கு ஆகாது. உள்ளே போதிய சூடு ஏறுவதில்லை. எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து ஒயிலில் கலக்கின்றது. இன்ஜெக்டரிலும் டர்போவிலும் கரி படிகின்றது. 2007இற்குப் பிந்திய வண்டி என்றால் புகை வடிகட்டியும் அடைபடும்.

அங்குள்ள மெக்கானிக்மார் போடும் கணக்கு இலகுவானது. நின்றபடி ஓடிய ஒரு மணித்தியாலத்தை 25 முதல் 33 மைல் வரையான தேய்மானமாகக் கொள்கிறார்கள். எங்கள் வண்டிக்குக் குறைந்த அளவையே வைத்துப் பார்ப்போம். 98,000 மைலை மணிக்குச் சராசரி 30 மைல் வேகத்தில் ஓடியதென்றால் ஏறக்குறைய 3,270 மணித்தியாலம். மீதி 6,130 மணித்தியாலமும் நின்றபடி ஓடியது. அதை 25ஆல் பெருக்கினால் 153,000 மைலுக்கு மேல் வரும். இரண்டையும் கூட்டினால் 251,000 மைல். நாங்கள் வாங்கியது இளம் என்ஜின் அல்ல, கிழட்டு என்ஜின்.

இந்தக் கணக்கைக் கடதாசியில் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விளம்பரத்தில் பொய் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. மணித்தியாலத்தை அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வேலை எப்படி நடந்தது?

முதல் வேலை துப்புரவு. ஆசனங்களுக்கு அடியிலும் தரை ஓரங்களிலும் ஊசி கிடக்கலாம், இரத்தம் காய்ந்திருக்கலாம். தடித்த கையுறை இல்லாமல் கைவைக்கக்கூடாது. பிறகு ஒட்சிசன் குழாய்களைக் கழற்றினோம். வயர்களை வெட்டி எறியாமல், எழுத்தைப் பார்த்துத் தேவையானதை வைத்துக்கொண்டோம்.

அலுமினியம் குளிரை உடனே உள்ளே கடத்தும். இரவில் இருவர் உறங்கினால் மூச்சுக் காற்று சுவரில் நீராகப் படியும். ஆகவே உட்சுவரில் வெப்பத் தடுப்புப் பலகையும் கூரையில் காற்றோட்ட விசிறியும் வைத்தோம். பெட்டி இறுக்கமாக மூடப்படுவதால் கேஸ் அடுப்பு விடயத்தில் மிகவும் கவனம் தேவை. சிலிண்டர் கேஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் அறைக்குக் கீழ்ப்பக்கமாக வெளியே வழி வைத்தோம். காபன் மொனொக்சைட்டு எச்சரிக்கைக் கருவியும் பொருத்தினோம்.

இந்த வண்டிகள் வெறுமையாகவே நான்கு தொன்னுக்கு மேல் நிறையுடையவை. அலுமாரிக்குப் பாரமான பலகை போட்டால் பிரேக்கும் ஸ்பிரிங்கும்தான் அனுபவிக்கும். பின்னால் இரட்டை டயர் இருப்பதும் மணலிலும் பனியிலும் குறையே. முன் டயர் போட்ட தடத்தில் பின் டயர்கள் அடங்காது. அதைத் தனி டயராக மாற்றும் செலவு எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. வாங்க வந்தவர்களிடம் அதைச் சொல்லியே காட்டினோம்.

சட்டமும் ஒரு மாலைப் பொழுதும்

அமெரிக்க மத்திய அரசின் வாகனப் பாதுகாப்பு விதிகளில் வீட்டு வண்டிக்கு ஒரு வரைவிலக்கணம் உண்டு. சமையல் வசதி, குளிர்சாதனப் பெட்டி அல்லது ஐஸ் பெட்டி, வண்டிக்குள்ளேயே முழுமையான மலசலகூடம், சூடாக்கி அல்லது குளிரூட்டி, குழாயும் கழுவுதொட்டியும் உள்ள குடிநீர் ஏற்பாடு, தனியான 110-125 வோல்ட் மின்சாரம் அல்லது கேஸ் ஆகிய ஆறில் நான்காவது இருக்க வேண்டும். பதிவுப் பத்திரத்தை மாற்றும் நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். காப்புறுதி நிறுவனங்கள் சில, கையால் மாற்றிய வண்டி என்றதுமே கையை விரித்துவிடும். இதையெல்லாம் வண்டி வாங்க முன்னர் விசாரிக்க வேண்டும்.

சிவப்பு விளக்கு, சைரன், அம்பியூலன்ஸ் என்ற எழுத்து, ஆறு முனையுள்ள நீல நட்சத்திரம் எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். அந்த நட்சத்திரம் 1977இல் பதிவு செய்யப்பட்ட சின்னம். இது வெறும் சம்பிரதாயம் என்றுதான் நினைத்து ஸ்டிக்கர் உரிப்பதைக் கடைசி வேலையாகத் தள்ளிப் போட்டிருந்தோம். ஒரு மாலை எரிபொருள் நிரப்பப் போனபோது வயதான பெண்ணொருவர் வண்டியைக் கண்டு ஓடிவந்தார். காருக்குள் அவருடைய கணவருக்கு நெஞ்சுவலி. எங்கள் வண்டியின் உள்ளே இருந்தது பாதி முடிந்த அடுப்பு மேசை. 911ஐ அழைத்துவிட்டு, உண்மையான அம்பியூலன்ஸ் வரும் வரை அவருக்குப் பக்கத்தில் நின்றோம். அவரைக் கொண்டுபோன பிறகு கராஜுக்குத் திரும்பி, இரவோடு இரவாக எல்லா எழுத்தையும் சுரண்டினோம்.

கணக்குக் கொப்பி

வேலை முடிந்து பரீட்சார்த்தமாக மேற்கு வேர்ஜீனியா மலைப்பக்கம் ஓட்டிப் போனோம். நாங்கள் அஞ்சியது ஏற்றத்தில் நடந்தது. டர்போவும் இன்ஜெக்டர்களும் கைவிட்டன. இழுவை வண்டியில் திரும்பி வந்தோம்.

வண்டி 8,500 டொலர், பதிவும் ஏற்றிவந்த கூலியும் 900, உள்வேலைப் பொருட்கள் 7,400, ஆறு டயர் 1,500, என்ஜின் திருத்தம் 5,600. மொத்தம் 23,900 டொலர்.

முதலாவதாக வந்தவர் 27,000 தருவதாகச் சொல்லிவிட்டு மறுநாள் வருவதாகப் போனார். மணித்தியால மீட்டர் அலுமாரிக்குள்தான் இருந்தது. இரண்டு ஆணியைக் கழற்றினால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. அதை வாய்விட்டுச் சொன்னது நான்தான். மச்சான் தலை நிமிராமல், "எங்களுக்கு ஒருத்தரும் சொல்லாததாலதானே இவ்வளவும்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மீட்டரைக் கழற்றினோம்தான். கழற்றி, சாரதி ஆசனத்துக்கு முன்னால் கண்ணில் படும்படி பொருத்தினோம். மறுநாள் வந்தவர் அதைப் பார்த்தார், நாங்களும் விளக்கினோம், போய்விட்டார். ஐந்து கிழமை கழித்து வேறொரு தம்பதி, என்ஜின் திருத்திய பற்றுச்சீட்டுக்களையும் வாங்கிப் பார்த்துவிட்டு 24,500 டொலருக்கு எடுத்தார்கள். இலாபம் 600 டொலர். இருவருமாக உழைத்தது 410 மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு ஒன்றரை டொலரும் தேறவில்லை. ஆனால் மனைவியின் 6,000 டொலர் குறையாமல் திரும்பி வந்தது. அன்று எனக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டாவது வண்டி

2017இல் இன்னொன்று வாங்கினோம். 124,000 மைல் ஓடியது. அதனாலேயே ஏலத்தில் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இம்முறை நேரில் போய் மணித்தியால மீட்டரைப் பார்த்தோம். 4,300 மட்டுமே. கிராமப்புறத்திலிருந்து தூரத்துப் பெரிய வைத்தியசாலைக்கு நெடுஞ்சாலையில் ஓடிய வண்டி, நின்றது குறைவு. சராசரி வேகம் 40 மைல் என்று வைத்தால் ஓடியது 3,100 மணித்தியாலம், நின்றது 1,200. கணக்குப்படி 154,000 மைல். மீட்டரில் கூட ஓடிய வண்டி, உண்மையில் ஏறக்குறைய ஒரு இலட்சம் மைல் குறைய ஓடியிருந்தது. 7,000 டொலருக்கு வாங்கிய அந்த வண்டி செலவெல்லாம் போக 6,800 டொலர் இலாபம் தந்தது.

இந்த வண்டிகளை இங்கே இறக்குமதி செய்யுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இடப்பக்க ஸ்டியரிங் கொண்ட அவை நமது வீதிகளுக்கு உரியனவுமல்ல. கணக்கைத்தான் சொல்ல வந்தேன். பாவித்த பொருள் ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் பார்க்கும் அளவு ஒன்றும், உண்மையைச் சொல்லும் அளவு ஒன்றும் இருக்கின்றன. ஜெனரேட்டருக்கு அது ஓடிய மணித்தியாலம், வருடமல்ல. சந்தை முதலாவது அளவைப் பார்த்தே விலை போடுகின்றது. இரண்டாவதைக் கேட்டு வாங்குபவர் பிழைத்துக்கொள்வார். நாம் விற்கும்போது அதே அளவை, கேட்கும் முன்னரே எடுத்துக் காட்டவும் வேண்டும். இரண்டாவது வண்டியை வாங்கியவர், முதல் வண்டியை எடுத்த தம்பதி அனுப்பி வந்தவர்.