கடிதத்தில் போன பக்குவம்

தேனிப் பக்கம் ஒரு விருந்து. போடி ஏலக்காய் மணக்கும் பாயசத்தைக் குடித்த கம்பத்துத் தோழி, "எப்படிக்கா செஞ்சீங்க?" என்கிறார். ஊர் திரும்புவதற்குள் பக்குவம் அவர் கைபேசிக்கு வந்துவிடும். கைபேசி இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்?

தபால்தான்!

சென்னையில் எஸ். மீனாட்சி அம்மாளுக்குச் சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் கடிதம் போட்டுச் சமையல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவரும் சளைக்காமல் எழுதி அனுப்பினார். ஆளுக்கொரு கடிதம் எதற்கு, புத்தகமாகவே போட்டுவிடலாமே என்றார் மாமா கே. வி. கிருஷ்ணசாமி ஐயர்.

அப்படி 1951இல் வந்ததுதான் 'சமைத்துப் பார்'. கல்யாணமாகி வெளிநாடு போன பெண்களின் பெட்டியில், புடவைகளுக்கு நடுவே அதுவும் கப்பலேறியது. பிறகு ஆங்கிலத்திலும் வந்தது. கடைகளில் இன்றும் கிடைக்கிறது.