புள்ளி விழுங்கிய வரி

யூனிக்ஸ் கையேட்டின் ஒரு பக்கத்தில் வாக்கியம் நடுவே அறுந்து, சம்பந்தமில்லாத வேறொரு வாக்கியத்தின் வாலோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறதே, எழுதியவர் உறங்கிவிட்டாரா என்று அன்பர் ஒருவர் கேட்டெழுதியிருக்கிறார். கையேட்டை எழுதியவரின் வரி மூலப்பிரதியில் இன்றைக்கும் பத்திரமாகவே இருக்கிறது. அச்சுக்கு வராதபடி அதை விழுங்கியது ஒரு புள்ளி.

1971 நவம்பரில் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் பெல் ஆய்வுக்கூடத்தில் தொகுத்த முதல் கையேடு தொட்டு, இப்பக்கங்களை அழகுபடுத்தித் தருபவை ராஃப் வம்சத்து நிரல்கள். அவ்வம்சத்தின் மூலபுருஷன், ஜெரோம் ஸால்ட்ஸர் 1964-இல் எம்.ஐ.டி.யில் எழுதிய ரன்ஆஃப். புள்ளியில் தொடங்கும் வரி அச்சிட வேண்டிய வாசகம் அன்று, நிரலுக்கு இடும் ஆணை என்பது அங்கிருந்து வந்த சம்பிரதாயம். எந்த வாக்கியமும் முற்றுப்புள்ளியில் தொடங்குவதில்லை ஆதலால், அது யுக்தியான ஏற்பாடே.

ஆனால், யூனிக்ஸிலோ ‘.புரொஃபைல்’ போன்று புள்ளியைத் தலையில் சுமந்த கோப்புகள் அநேகம். எவரோ ஒருவர் பத்தியை ஒழுங்குபடுத்தும்போது அப்பெயர் தற்செயலாக ஒரு வரியின் முதலில் வந்து விழுந்துவிட்டால், நிரல் அதை ஆணையென்று எண்ணி, அப்படியோர் ஆணை தனக்குத் தெரியாதாகையால், புரியாத உத்தரவுக்குத் தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும் எங்கள் பழைய தாலுகா கச்சேரிச் சேவகரைப் போல, வரி முழுவதையும் மௌனமாகக் கைவிட்டுவிடும். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையும் இத்தகைய கோப்புகளைச் சாதாரணமாகக் காட்டுவதில்லை. பட்டியலிலும் மறைந்து, விளக்கத்திலும் மறைவது அவற்றின் தலைவிதி போலும்!

பரிகாரம் அற்பம். புள்ளிக்கு முன்னால் பின்சாய்வுக் கோடும் ஆம்பர்ஸாண்டும் இட்டால், அகலமே இல்லாத ஓர் எழுத்து அங்கே குந்திக்கொள்ள, புள்ளி தன் அதிகாரத்தை இழந்துவிடும். இத்திருத்தத்தை, பழைய வரியைக் கழித்தற்குறியுடனும் புதியதைக் கூட்டற்குறியுடனும் காட்டும் டிஃப் வடிவில் அனுப்பினால், கையேட்டைப் பராமரிப்பவர் ஒரே பார்வையில் விஷயத்தைக் கிரகித்துக்கொள்வார். நிரல் எழுதுவது சிருஷ்டி, கையேட்டைத் திருத்துவது குமாஸ்தா வேலை என்ற மனோபாவத்தால்தான், பலர் கண்ணில் பட்டும் ஒருவர் கையும் படாமல் இப்பிழைகள் வருஷக்கணக்கில் கிடக்கின்றன. படித்துக் குறைகூறிவிட்டுப் போகிறவர்களும் இதில் நிரபராதிகள் அல்லர்.

அன்பர் செய்யவேண்டியது இதுதான்: கையேட்டுப் பக்கங்களைக் காட்டும் மேன் கட்டளைக்குச் சிறிய டபிள்யூ விருப்பத்தைக் கொடுத்தால் மூலக்கோப்பு இருக்குமிடம் தெரியும், சுருக்கப்பட்டிருப்பின் ஸீகேட் கொண்டு விரித்து, வரிமுதற் புள்ளிகளைப் பார்க்கலாம். ஒற்றை மேற்கோளையும் விட்டுவிட வேண்டாம். வரியின் தலையில் நின்றால் அதற்கும் இதே அதிகாரம் உண்டு.