ஆகாஷ்: மலிவு டேப்லெட் கொடுத்ததும் கேட்டதும்

2011 அக்டோபர் 5 அன்று டெல்லியில் மத்திய அமைச்சர் கபில் சிபல் அறிமுகப்படுத்திய ஆகாஷ் டேப்லெட்டுக்கு அரசு கொடுத்த விலை சுமார் 2,276 ரூபாய். அதே ஆண்டு வெளிவந்த ஐபேட் 2 அமெரிக்காவிலேயே 499 டாலரில்தான் தொடங்கியது. கல்லூரி மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கணினி என்ற ஆசைக்கு அந்த விலை உயிர் கொடுத்தது.

டேட்டாவிண்ட் நிறுவனம் தயாரித்த அந்த டேப்லெட்டில் நல்லவை இல்லாமல் இல்லை. 7 அங்குலத் திரை, வைஃபை, ஆண்ட்ராய்டு 2.2, கூடவே இரண்டு யுஎஸ்பி துளைகள். கீபோர்டையோ பென்டிரைவையோ நேராகச் செருகலாம்; அன்றைய ஐபேடில் இந்த வசதி இருக்கவில்லை.

சிக்கல் தொடுதிரையில் இருந்தது. அது ரெசிஸ்டிவ் வகை. மேல் படலம் கீழ்ப் படலத்தைத் தொடும்வரை அழுத்தினால்தான் வேலை செய்யும். விரலால் மெல்ல வருடினால் போதாது. 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசரும் 256 எம்பி ரேமும் சேர்ந்து, ஒரு பக்கம் திறப்பதற்குள் பொறுமையைச் சோதித்தன. பேட்டரியும் சில மணி நேரமே தாங்கியது. மின்வெட்டு வாடிக்கையான ஊர்களில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய குறை.

2012 நவம்பரில் வந்த ஆகாஷ் 2 இவற்றில் பலவற்றைத் திருத்தியது: மென்மையான தொடுகைக்கே இசையும் கெபாசிட்டிவ் திரை, 1 கிகாஹெர்ட்ஸ் பிராசசர், 512 எம்பி ரேம்.

இன்று மலிவு டேப்லெட் வாங்குவோரும் பார்க்க வேண்டியவை ரேம், திரை, பேட்டரி ஆகிய இந்த மூன்றும்தான். கேமரா சுமாராக இருந்தால் பாடம் படிக்கத் தடையில்லை. ரேம் குறைந்தால் தடைதான், அதைப் பின்னர் கூட்டவும் முடியாது.