ஏ, பி, சி, டி ஒப்பித்தால் போதுமா?

மழலையர் வகுப்பில் ஆங்கிலம்: பெற்றோர் கவனிக்க வேண்டியவை

மும்பை, தாராவிச் சந்துகளில் காலை வேளையில் நடந்தால் மாடி அறைகளிலிருந்து ஒரே குரல் கேட்கும். "ஏ பார் ஆப்பிள், பி பார் பால்!" சயான் கோலிவாடா, ஆண்டாப்ஹில், செம்பூர் என்று தமிழர்கள் வாழும் எந்தப் பகுதிக்குப் போனாலும் இதே பாட்டுதான்.

குழந்தை 26 எழுத்துகளையும் மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டால் பெற்றோருக்கு உச்சி குளிர்ந்துவிடுகிறது. வாங்கும் சம்பளத்தில் வாடகைக்கு அடுத்தபடியாகப் பள்ளிக் கட்டணத்துக்கே ஒதுக்கும் குடும்பங்கள் எத்தனையோ! ஆனால் அதே குழந்தையிடம் மூன்றெழுத்துச் சொல் ஒன்றை எழுதிக் காட்டுங்கள். திருதிருவென்று விழிக்கும். குறை குழந்தையிடம் இல்லை. சொல்லிக் கொடுக்கும் முறையில் இருக்கிறது.

பெயர் வேறு, ஒலி வேறு

தமிழில் 'ப' என்ற எழுத்தின் பெயரும் அதுவே, ஒலியும் அதுவே. ப, ட, ம் என்று கூட்டினால் 'படம்' வந்துவிடும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. சி, ஏ, டி என்று எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் பூனையைக் குறிக்கும் 'கேட்' வராது. சி என்பது எழுத்தின் பெயர். இந்தச் சொல்லில் அதன் ஒலி 'க்'. இருக்கும் எழுத்துகள் 26. அவை தரும் ஒலிகளோ சுமார் 44!

ஆகவே எழுத்தின் பெயருக்கு முன்னால் ஒலியைச் சொல்லிக் கொடுப்பதே நல்லது. இதற்கு 'போனிக்ஸ்' என்று பெயர். இங்கிலாந்தில் 2012-ம் ஆண்டு முதல் ஒன்றாம் ஆண்டுக் குழந்தைகளுக்கு இந்த ஒலிப் பயிற்சியில் ஒரு சோதனையே வைக்கிறார்கள்.

இம்முறையில் ஏ-யிலிருந்து இசட் வரை வரிசையாகப் போவதில்லை. பெரும்பாலும் எஸ், ஏ, டி, பி, ஐ, என் ஆகிய ஆறு எழுத்துகளே முதலில் வரும். இந்த ஆறைக் கொண்டே பின், டின், டிப், டேப் என்று பல சொற்களைக் குழந்தை தானாகக் கூட்டிப் படித்துவிடும். எல்லாச் சொற்களும் இந்த வழிக்கு வராது என்பதும் உண்மை. 'தி', 'வாஸ்' போன்ற சில சொற்களைப் பார்த்துப் பழகித்தான் ஆகவேண்டும்.

தமிழ்க் குழந்தையின் சிரமம்

தமிழில் ஒரே 'ப' ஆங்கிலத்தின் பி, பீ இரண்டுக்கும் நிற்கிறது. ஆகவே 'பிக்' என்றால் பன்றியா, பெரியதா என்று குழந்தை குழம்பும். தொண்டையில் கைவைத்துச் சொல்லச் சொல்லுங்கள். 'பெரியது' என்பதற்கான சொல்லின் முதல் ஒலியில் தொண்டை அதிரும், பன்றிக்கு அதிராது. மின்விசிறியின் முதல் ஒலிக்கு மேல்பல் கீழுதட்டைத் தொடவேண்டும். 'இஸ்கூல்' என்று சொன்னால் அடிக்க வேண்டாம். சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்யொலிகள் சேர்ந்து வருவது நம் நாக்குக்குப் புதிது.

பென்சிலுக்கு அவசரம் வேண்டாம்

மூன்று வயதுக் கையில் எலும்புகள் இன்னும் முதிரவில்லை. அந்தக் கையில் நாலு கோடு நோட்டைக் கொடுத்துப் பக்கம் பக்கமாக எழுதச் சொல்வது கொடுமை. மணலிலும் தட்டில் பரப்பிய அரிசியிலும் விரலால் எழுதுவது நம் முன்னோர் அறிந்த முறைதான். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையாரும், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவிப் பழகும் முறையைத்தான் வகுத்தார். மகாராஷ்டிரத்திலேயே 1945-ல் போர்டி கிராமத்தில் தாராபாய் மோடக் ஏழைக் குழந்தைகளுக்குப் பால்வாடி நடத்தி வழிகாட்டினார். முதலில் நிற்கும் கோடு, படுக்கும் கோடு, வட்டம், பிறகுதான் எழுத்து.

தாய்மொழி தடையல்ல

வீட்டில் தமிழ் பேசினால் ஆங்கிலம் வராது என்று சில பள்ளிகளில் சொல்கிறார்கள். இது தவறு. எழுத்து என்பது ஒலியின் அடையாளம் என்று ஒரு மொழியில் புரிந்துகொண்ட குழந்தைக்கு, அந்த அறிவு அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும். 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், இயன்றவரை ஐந்தாம் வகுப்பு வரையிலாவது தாய்மொழி வழியில் கற்பிக்க வேண்டும் என்கிறது. மும்பை மாநகராட்சி தமிழ் வழிப் பள்ளிகளையும் நடத்தி வருகிறது.

தனியார் பள்ளிதான் வேண்டும் என்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்கள் நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு இலவசம். சேர்க்கை மழலையர் வகுப்பிலேயே தொடங்கும் பள்ளிகளில் அங்கேயே இந்த இடங்கள் உண்டு.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஆங்கிலம் தெரியாத தாய்க்கும் பஸ், கப், பெட், பேனா நிப் எல்லாம் தெரியும். "கண்ணு, 'பஸ்'னு சொல்லு, முதல்லே என்ன சத்தம் வருது?" என்று அடுப்படியிலிருந்தே கேட்கலாம். இரவு ஷிப்டு முடிந்து வரும் தகப்பனார் தீப்பெட்டியையும் சோப்பு உறையையும் காட்டி எழுத்துத் தேடச் சொல்லலாம். நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும்.

அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது, "என் பிள்ளை எத்தனை பக்கம் எழுதினான்?" என்று கேட்பதைவிட, "எத்தனை சொற்களைத் தானாகக் கூட்டிப் படித்தான்?" என்று கேளுங்கள். கொடுக்கும் பணத்துக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.