பழைய கணினிக்குப் புதிய திரை: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

வீட்டுக் கணினியின் திரை பழுதடைந்தால், கணினியையே மாற்ற வேண்டும் என்பதில்லை. கணினியும் திரையும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்பாக இருக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. டெல் கணினியுடன் சாம்சங் திரையை இணைக்கலாம். கவனிக்க வேண்டியது நிறுவனத்தின் பெயரையன்று, இணைப்பின் வகையையே. ஆகவே, கடைக்குச் செல்லுமுன் கணினியின் பின்புறத்தைப் பாருங்கள். இயலுமாயின் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

இணைப்பு வகைகள்

• விஜிஏ: மூன்று வரிசைகளில் 15 சிறு துளைகள், பெரும்பாலும் நீல நிறம். ஒலியைக் கடத்தாது.
• டிவிஐ: அகலமானது, பெரும்பாலும் வெள்ளை நிறம்.
• எச்டிஎம்ஐ: சிறியது, கீழ்மூலைகள் இரண்டும் உட்சரிந்திருக்கும். படம், ஒலி இரண்டையும் கடத்தும்.
• டிஸ்ப்ளேபோர்ட்: ஒரு மூலை மட்டும் சரிந்திருக்கும்.

கணினியிலும் திரையிலும் ஒரே வகை இருப்பின் சாதாரண கேபிள் போதும். கணினியில் விஜிஏ மட்டும் இருந்து, திரையில் எச்டிஎம்ஐ மட்டும் இருப்பின், இரு முனைகளை மட்டும் கொண்ட மலிவான கேபிள் பயன்படாது. சமிக்ஞையை மாற்றும் மின்சுற்றுள்ள அடாப்டர் தேவை. விஜிஏயிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவதும், எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றுவதும் வெவ்வேறு பொருள்கள். பொதியின் மேல் அம்புக்குறி காட்டும் திசையைச் சரிபார்த்த பின்னரே பணம் செலுத்துங்கள். விஜிஏ இணைப்பும் உள்ள திரையைத் தேர்ந்தெடுத்தால் அடாப்டரே தேவைப்படாது.

இணைக்கும் முறை

1. கணினியையும் திரையையும் அணைத்துவிடுங்கள்.
2. கேபிளை அழுத்தித் திணிக்காமல் நேராகச் செருகுங்கள். பக்கத் திருகாணிகள் இருப்பின் கையால் இறுக்குங்கள்.
3. கணினியில் தனியான கிராபிக்ஸ் கார்டு இருப்பின், அதிலுள்ள இணைப்பையே பயன்படுத்துங்கள்.
4. திரையை இயக்கி, அதன் மெனுவில் உரிய இணைப்பைத் தெரிவுசெய்த பின் கணினியை இயக்குங்கள்.

‘சமிக்ஞை இல்லை’ என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி தோன்றினால் திரை பழுது என்று முடிவு செய்யாதீர்கள். திரைக்கு மின்சாரம் வருகிறது. கணினியிலிருந்து படம் வரவில்லை என்பதே அதன் பொருள். கேபிளையும் மெனுத் தெரிவையும் மீண்டும் சரிபாருங்கள்.

உங்கள் உரிமைகள்

ஐக்கிய இராச்சியத்தில், குறைபாடற்ற பொருளைக் ‘கணினிக்குப் பொருந்தவில்லை’ என்ற காரணத்துக்காக மட்டும் திரும்பப் பெறக் கடைக்குப் பொதுவாகச் சட்டக் கடமை இல்லை. ஆயினும், எத்தகைய கணினியுடன் இணைக்க வேண்டும் என்பதை நீங்கள் முன்கூட்டியே விற்பனையாளரிடம் தெரிவித்து, அவரது ஆலோசனையை நம்பி வாங்கியிருந்தால், அப்பொருள் அந்நோக்கத்துக்குப் பொருந்த வேண்டும் என 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டம் கூறுகிறது. பொருந்தாவிடின் 30 நாள்களுக்குள் அதை நிராகரித்துப் பணத்தைத் திரும்பக் கோரலாம். ஆகவே, கேட்டு வாங்குங்கள்; பற்றுச்சீட்டைப் பாதுகாத்து வையுங்கள்.

வணிக நிறுவனமொன்றிடம் இணையவழியாக வாங்கினால், பொருள் கிடைத்த பின் 14 நாள்களுக்குள் காரணம் கூறாமலே கொள்வனவை இரத்துச் செய்யலாம். திருப்பியனுப்பும் செலவு உங்களுடையதாக இருக்கலாம். தனிநபரிடம் வாங்கிய பழைய பொருளுக்கு இவ்வுரிமை இல்லை.

பழைய திரையை வீட்டுக் குப்பைத்தொட்டியில் இடாமல், மீள்சுழற்சி நிலையத்தில் ஒப்படையுங்கள்.